கணிப்பொறிப் படத்தில் வீட்டு வெளிச்சம்

பாண்டுப்பில் பழைய சால்களும் மூன்று நான்கு மாடிக் கட்டிடங்களும் இடிக்கப்பட்டு, அவை இருந்த இடத்தில் இருபது மாடி, முப்பது மாடி என்று புதிய கட்டிடங்கள் எழும்பி வருவதை நாம் பார்த்துக் கொண்டிருக்கிறோம். சொசைட்டிக் கூட்டத்தில் பில்டர் முதலில் எடுத்து வைப்பது ஒரு வண்ணப் படம். புதிய வீட்டுக்கு உள்ளலங்காரம் செய்ய வருபவரும் அப்படியே ஒரு படத்தைத்தான் முதலில் காட்டுகிறார். அதில் ஜன்னல் வழியாகப் பொன்னிறமான வெயில் ஹாலின் கடைசி வரை நீண்டு கிடக்கும். மூலை முடுக்கில் கூட இருட்டு இருக்காது. சமையல் மேடை பளிச்சென்று இருக்கும். சாவி கைக்கு வந்து குடியேறிய பிறகு, பகல் பதினொரு மணிக்கே ட்யூப்லைட் போட வேண்டிய நிலைமை பல வீடுகளில் ஏற்படுகிறது.

அந்தப் படம் காமிராவில் எடுத்தது அல்ல. கணிப்பொறி கணக்கிட்டு வரைந்தது. அதிலுள்ள ஒவ்வொரு ஒளிக்கதிரும் யாரோ ஒருவர் தட்டச்சு செய்த எண்களின் விளைவு. எண்கள் சரியானால் படம் வருங்கால வீட்டின் உண்மையைச் சொல்லும். எண்கள் ஆசைக்கு ஏற்ப வைக்கப்பட்டால் படம் ஆசையைத்தான் காட்டும். நம் பிள்ளைகளில் பலர் இன்று இந்தத் தொழிலைக் கற்கிறார்கள். பெரியவர்களில் பலர் இத்தகைய படங்களைப் பார்த்துத்தான் ஆயுள் சேமிப்பைச் செலவிடுகிறார்கள். இரு தரப்பினருக்கும் பயன்படும் வகையில், படத்தில் ஒளியை முறையாக அமைப்பது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. படம் கணக்கிடப்படும் விதம்

ரெண்டரிங் எனப்படும் இந்தக் கலைக்கு அடித்தளம் 1980களில் அமைந்தது. 1980இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டர்னர் விட்டட், காமிராவிலிருந்து ஒவ்வொரு கதிராகப் பின்னோக்கிச் சென்று அது எந்தப் பொருளில் பட்டு வருகிறது என்று கணக்கிடும் முறையை வெளியிட்டார். 1984இல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர், ஒரு சுவரில் பட்ட ஒளி மற்றொரு சுவருக்குப் பரவுவதைக் கணக்கிட்டனர். 1986இல் ஜேம்ஸ் கஜியா இவையனைத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். இன்றுள்ள மென்பொருள்கள் பெரும்பாலும் அந்தச் சமன்பாட்டுக்கே விடை தேடுகின்றன. பல்கேரியாவில் உருவான வி-ரே, 2002 முதல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் ஆகியவை நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகளில் பழக்கமான பெயர்கள்.

ஆகவே குறை கருவியில் இல்லை. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதும், சுவரில் பட்டுத் திரும்பும் என்பதும் கருவிக்குத் தெரியும். அதற்குத் தெரியாதவை மூன்று: உங்கள் ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, எதிரே என்ன இருக்கிறது, கூரையில் என்ன விளக்கு மாட்டப் போகிறீர்கள். இந்த மூன்றையும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

2. முதலில் சூரியன்

படத்தில் விளக்கு எதையும் வைப்பதற்கு முன் வடதிசையைக் குறிக்க வேண்டும். அடுத்து இடம்: பாண்டுப் சுமார் 19.15 டிகிரி வட அட்சம், 72.94 டிகிரி கிழக்குத் தீர்க்கம். அடுத்து நேரம்: இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கத்துக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே ஒன்பதரை டிகிரி தள்ளி இருப்பதால், டிகிரிக்கு நான்கு நிமிடம் வீதம், சூரியன் நமக்கு உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 12 மணி 38 நிமிடத்துக்குத்தான். மென்பொருளில் நேர மண்டலத்தை ஐந்தரை மணி என்று மாற்றாமல் விட்டால் நிழல் முழுவதும் தவறாகிவிடும்.

வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்து அப்படியே செய்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதுவே. டிசம்பர் 21ஆம் தேதி நண்பகலில் லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். தெற்கு ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 2.1 மீட்டர் என்றால் வெயில் சுமார் 25 அடி உள்ளே வரும். அதே நாளில் பாண்டுப்பில் சூரியன் 47 டிகிரி உயரத்தில் இருக்கும்; வெயில் ஆறு அடிக்கு மேல் உள்ளே வராது. ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேட் இருந்தால் நாலடிதான். மார்ச் மாதம் 21ஆம் தேதி சூரியன் 71 டிகிரிக்கு ஏறிவிடுவதால், சன்ஷேட் இல்லாவிட்டாலும் இரண்டரை அடியோடு நின்றுவிடும். தெற்கு ஜன்னலிலிருந்து நண்பகல் வெயில் ஹால் முழுவதும் பாய்வதாகக் காட்டும் படம் நம் ஊர்ப் படம் அல்ல என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

நீண்ட வெயில் வேண்டுமானால் அது காலையில் கிழக்கு ஜன்னலுக்கும் மாலையில் மேற்கு ஜன்னலுக்கும்தான் வரும். பாண்டுப்பின் கிழக்கே உப்பளமும் தாணே கடற்கழியும் திறந்து கிடக்கின்றன. அந்தப் பக்கம் மறைப்பு இல்லாத வீட்டுக்குக் காலை வெயில் தாராளம். மேற்கே குன்றுகள் இருப்பதால், குன்றடியில் உள்ள வீடுகளுக்கு மாலை வெயில் சீக்கிரமே மறையும். வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்ற எண்ணமும் முழு உண்மையல்ல. மே மாத நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. ஆனால் அதில் பெரும் பகுதி மழைக்காலம். ஆகவே மேகம் மூடிய வானத்தை வைத்தும் ஒரு படம் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

3. எதிர்க் கட்டிடமும் கிரில்லும்

பெரும்பாலான படங்களில் ஜன்னலுக்கு வெளியே வெறும் நீல வானமோ மலைக்காட்சியோ ஒட்டப்பட்டிருக்கும். உண்மையில் இருப்பது பக்கத்து விங்கின் சுவர். அந்தச் சுவரை ஒரு சாதாரணப் பெட்டியாக வரைந்து அதன் இடத்தில் நிறுத்தினால் போதும். ஐந்து நிமிட வேலை.

கணக்கைப் பாருங்கள். எதிர்க் கட்டிடம் 60 மீட்டர் உயரம், இடைவெளி 9 மீட்டர், உங்கள் ஜன்னல் நிலத்திலிருந்து 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். மறைப்பின் உயரம் 48 மீட்டர். 48ஐ 9ஆல் வகுத்தால் 5.3, அதற்குரிய கோணம் சுமார் 79 டிகிரி. அதாவது ஜன்னலில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் ஒரு கீற்று வானம் தெரியும். 47 டிகிரியில் வரும் டிசம்பர் வெயில் அந்த ஜன்னலைத் தொடாது. அதே கட்டிடத்தில் பதினெட்டாவது மாடிக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இருவருக்கும் காட்டப்படுவது ஒரே படம்!

இத்துடன் கண்ணாடி, கொசுவலை, வெளியே பெட்டி போல நீட்டிய கிரில், அதில் வைத்த துளசித் தொட்டி, காயப்போட்ட துணி எல்லாம் ஒளியை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக் கொள்கின்றன. கிரில்லையாவது படத்தில் வரையச் சொல்லுங்கள்.

4. சுவரின் வெண்மை

அறைக்குள் வந்த ஒளி சுவர், கூரை, தரை என்று பட்டுப் பட்டுத் திரும்புகிறது. விழுந்த ஒளியில் பாதியைத் திருப்பித் தரும் பரப்புகள் கொண்ட மூடிய அறையில் மொத்த ஒளி இரண்டு மடங்காகும். பத்தில் எட்டு பங்கைத் திருப்பினால் ஐந்து மடங்கு. நூற்றில் தொண்ணூற்றைந்தைத் திருப்பினால் இருபது மடங்கு. ஒன்றிலிருந்து அந்தப் பின்னத்தைக் கழித்து, கிடைத்ததால் ஒன்றை வகுத்தால் வரும் விடை இது.

இப்போது ரகசியம் புரிந்திருக்கும். விளக்கைத் தொடாமல், சுவரின் வண்ணத்தை மட்டும் முழு வெண்மைக்கு நகர்த்தினால் அறை பல மடங்கு பிரகாசமாகிவிடும். உலகில் எந்தச் சுண்ணாம்பும் டிஸ்டம்பரும் அவ்வளவு ஒளியைத் திருப்புவதில்லை. வெள்ளைக் கூரைக்கு 0.75 முதல் 0.8 வரை, வெளிர் நிறச் சுவருக்கு 0.5 முதல் 0.6 வரை, தேக்கு நிறப் பலகைக்கு 0.2க்குப் பக்கம் என்று வைத்தால் படம் நம்பத்தக்கதாக இருக்கும். ஒளி எத்தனை முறை பட்டுத் திரும்பலாம் என்ற எண்ணை எட்டுக்குக் குறையாமல் வையுங்கள். அதைக் குறைத்தால் மூலைகள் பொய்யாக இருட்டும். அந்த இருட்டைப் போக்கப் பொய்யான விளக்கு வைக்கத் தோன்றும்.

5. விளக்குகள்: வாட், லூமென், கெல்வின்

கற்றுக்கொள்பவர்கள் தடுமாறும் அடுத்த இடம் வாட். 9 வாட் எல்.இ.டி. பல்பு என்றால் 9 வாட் மின்சாரம் எடுக்கிறது என்று பொருள். அது தரும் ஒளி சுமார் 800 லூமென். பிளெண்டரில் கேட்கப்படும் வாட் மின்சாரத்தின் அளவு அல்ல, வெளிவரும் ஒளியின் அளவு. அங்கே 800 லூமென் பல்புக்குச் சுமார் 2 வாட் கொடுத்தால் போதும். பெட்டியில் அச்சிட்ட 9ஐ அப்படியே போட்டால் நான்கு மடங்குக்கும் மேல் வெளிச்சம் வரும். லூமெனையே நேரடியாகக் கேட்கும் மென்பொருளில் இந்தக் குழப்பம் இல்லை.

சூரியனுக்கும் விளக்குக்கும் உள்ள விகிதத்தையும் காக்க வேண்டும். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட். பலர் சூரியனுக்கு 5 என்றும் பல்புக்கு 100 என்றும் வைத்து, பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் படத்தில் ஒரு மேஜை விளக்கு வெயிலோடு போட்டி போடும். உண்மை வீட்டில் பகலில் போட்ட மேஜை விளக்கு எரிகிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது நிறம். பழைய குண்டு பல்பின் மஞ்சள் 2700 கெல்வின், வெதுவெதுப்பான எல்.இ.டி. 3000, நம் வீடுகளில் வழக்கமாக எரியும் வெள்ளை ட்யூப் 6500. படத்தில் எப்போதும் 3000 கெல்வின்தான் இருக்கும். அது மர அலமாரிக்கு அழகு சேர்க்கும். வாழ்க்கையில் 6500 மாட்டப் போகிறவருக்கு அதே 6500ஐ வைத்துப் படம் காட்ட வேண்டும். பெரும்பாலான மென்பொருள்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவதால், மலிவான எல்.இ.டி.யில் அரக்குச் சேலையும் குங்குமமும் மங்கித் தெரிவதைப் படம் காட்டாது. பல்பு வாங்கும்போது நிறம் காட்டும் குறியீடு 90க்கு மேல் உள்ளதா என்று பெட்டியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அசையாத படம் காட்ட முடியாத இன்னொன்று மின்விசிறி. ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த விளக்குக்குக் கீழே விசிறியின் இறக்கை சுற்றினால் அறை முழுவதும் ஒளி துடிக்கும்; படிக்கும் பிள்ளைகளுக்குத் தலைவலி. மேலிருந்து பார்க்கும் படத்தில் விசிறியின் சுற்று வட்டத்தை வரைந்து, விளக்குகள் அதற்கு வெளியே உள்ளனவா என்று சரிபார்த்துவிட வேண்டும்.

6. எக்ஸ்போஷர் கடைசியில்

வெளியே உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம். உள்ளே ஹாலில் 200 லக்ஸ். விகிதம் 500க்கு 1. ஒவ்வொரு படிக்கும் இரண்டு மடங்கு என்று கொண்டால் ஏறத்தாழ ஒன்பது படி வித்தியாசம். நம் கண் தானே இதைச் சமாளித்துக் கொள்கிறது. படம் அப்படியல்ல: உள்ளே சரியாகத் தெரிய வைத்தால் ஜன்னல் வெளுத்துப் போகும், ஜன்னல் காட்சி தெரிய வைத்தால் உள்ளே இருட்டும்.

இதற்கு நேர்மையான வழி, மிகை ஒளியை மெதுவாக அடக்கும் நிறமாற்ற முறையைத் தேர்ந்தெடுப்பது. பிளெண்டரில் முன்பு ஃபில்மிக் என்றும், 2023இல் வந்த நான்காம் பதிப்பு முதல் ஏஜிஎக்ஸ் என்றும் அது அமைந்திருக்கிறது. குறுக்கு வழி, காமிராவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய ஒளிப்பலகையை நிறுத்துவது அல்லது கூரையையே எடுத்துவிடுவது. கண்டுபிடிப்பது எளிது. நாற்காலிக் கால்களின் நிழலைப் பாருங்கள். ஜன்னல் இடப்பக்கம் இருக்க, நிழல் காமிராவிலிருந்து விலகிப் பின்சுவரை நோக்கி விழுந்தால், காமிராவின் பின்னால் ஓர் ஒளி ஒளிந்திருக்கிறது. கட்டிலுக்கு அடியில் கூட நிழலே இல்லை என்றால் ஒன்றுக்கு மேல் ஒளிந்திருக்கின்றன.

எக்ஸ்போஷரை ஒருமுறை வைத்த பின், ஒரே அறையின் பகல் படங்கள் அனைத்துக்கும் அதையே வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக ஏற்றிக் கொண்டால் ஆடி மாத மழைநாளும் தை மாத வெயில் நாளும் ஒன்று போலவே தெரியும். ஒப்பிட்டுப் பார்ப்பதில் பொருளே இல்லாமல் போகும்.

7. காகிதத்தில் ஒரு சரிபார்ப்பு

கணிப்பொறி சொல்வதைக் கையால் ஒருமுறை சரிபார்ப்பது எஞ்சினியர்களின் பழைய பழக்கம். 10க்கு 12 அடி அறை என்றால் 11.15 சதுர மீட்டர். 2000 லூமென் தரும் ஓர் எல்.இ.டி. ட்யூப் மாட்டுகிறோம். அதில் பாதிதான் நமக்குப் பயன்படும் உயரத்துக்கு வந்து சேரும். தூசுக்கும் வயதுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்துவிடுவோம். 2000ஐ 0.5ஆலும் 0.8ஆலும் பெருக்கி 11.15ஆல் வகுத்தால் சுமார் 72 லக்ஸ். உட்கார்ந்து பேச இது போதும். ஊசியில் நூல் கோக்கப் போதாது. ஒரு ட்யூப்போடு அறை பட்டப்பகல் போலக் காட்சியளித்தால் எண்களில் எங்கோ தவறு.

பகல் ஒளிக்கு இந்தியத் தரநிலை 2440 ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. திறந்த வெளியில் 8000 லக்ஸ் தரும் வானத்தை அடிப்படையாக வைத்து, சமையலறைக்கு அதில் 2.5 சதவீதம், அதாவது 200 லக்ஸ். படிக்கும் அறைக்கு 1.9 சதவீதம், சுமார் 150 லக்ஸ், ஹாலுக்கு 0.625 சதவீதம், 50 லக்ஸ் வேண்டும் என்கிறது. ஒளியின் அளவைப் பரப்பின் மேல் வண்ணப் பட்டைகளாகக் காட்டும் வசதி இன்று பல மென்பொருள்களில் உண்டு. அழகான படத்துடன் இந்தப் பட்டைப் படத்தையும் கொடுக்கும் இளைஞரின் வேலைக்கு மதிப்பு கூடும் என்பது என் நம்பிக்கை.

8. அழகு மட்டுமல்ல, ஆரோக்கியமும்

ஒளி குறைந்தால் மின்கட்டணம் ஏறும், அவ்வளவுதானே என்று நினைக்க வேண்டாம். செம்பூருக்கு அப்பால் கோவண்டியில் நட்வர் பாரேக் காம்பவுண்ட், மான்குர்த் பக்கம் லல்லுபாய் காம்பவுண்ட் என்ற மறுவாழ்வுக் குடியிருப்புகள் உள்ளன. கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் இடையே சில இடங்களில் மூன்று மீட்டர்தான். டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற மருத்துவத் தொண்டு அமைப்பு, மும்பை ஐ.ஐ.டி.யின் உதவியோடு அங்கே நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. வெயிலும் காற்றும் எட்டாத கீழ்மாடி வீடுகளில் காசநோய் அதிகம் காணப்பட்டதை அது எடுத்துக் காட்டியது. நாம் மேலே பார்த்த மறைப்புக் கோணத்தின் கணக்குத்தான் அங்கே ஒரு குடும்பத்தின் நுரையீரல் கணக்காக மாறியிருக்கிறது. கட்டி முடித்த பிறகு இடைவெளியை அகலமாக்க முடியாது. படமாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

9. கேட்க வேண்டிய கேள்விகள்

படத்தைக் காட்டுபவரிடம் தயங்காமல் கேளுங்கள்:

அ) இது எந்த மாடி, எந்தத் திசை, எந்தத் தேதி, எத்தனை மணி?

ஆ) எதிர்க் கட்டிடமும் வரப்போகும் அடுத்த விங்கும் இதில் வரையப்பட்டுள்ளனவா?

இ) எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, மேகம் மூடிய ஜூலை மாதப் பகலில் இதே அறையைக் காட்ட முடியுமா?

ஈ) இரவுப் படத்தில் உள்ள ஒவ்வொரு விளக்குக்கும் லூமெனும் கெல்வினும் எழுதிய பட்டியல் எங்கே? அவை அனைத்தும் எஸ்டிமேட்டில் சேர்ந்துள்ளனவா?

புதிதாக வீடு வாங்குபவருக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு துணை நிற்கிறது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய தவறான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவர், அதன்படி ஈடு கேட்கலாம். ஆனால் படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘இது கற்பனைச் சித்திரம்’ என்று அச்சிட்டிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய சொசைட்டி உறுப்பினர்களுக்கு ஒப்பந்தமே கவசம். கட்டிடங்களுக்கு இடையிலான தூரம், ஜன்னலின் அளவு, திசை ஆகியவற்றை வரைபடத்தில் எழுத்தால் குறித்துக் கையெழுத்து வாங்கிக் கொள்ள வேண்டும்.

இத்தொழிலில் இறங்கும் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பொய் வெளிச்சம் வைத்த படம் ஒரு வாடிக்கையாளரை ஒரு முறை மகிழ்விக்கும். மெய்யான ஒளி வைத்த படம், ஜன்னலைப் பெரிதாக்கலாமா, சுவரை வெளிர் நிறமாக்கலாமா, சமையல் மேடையை ஜன்னல் பக்கம் நகர்த்தலாமா என்று சுவர் எழும்பும் முன்பே யோசிக்க வைக்கும். படம் வரைவது அதற்காகத்தான்.